எங்கள் கிணற்றுக்கு எண்ணெய் வந்த வழி

சின்னவளே, போன சனிக்கிழமை உன் கையிலிருந்து அந்தச் சீசாவைப் பிடுங்கியதற்கு நான் வருத்தப்படவில்லை. காரணம் சொல்லாமல் பிடுங்கியதுதான் தப்பு. அலமாரியின் மேல்தட்டில், பழைய பைபிளுக்குப் பின்னால் பத்து வருடமாகக் கிடந்த சீசா அது. நீ அதை எடுத்துத் துடைத்து, பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக ஒரு தாள் ஒட்டியிருந்தாய். ‘மிஞ்ஞாக் மெந்தா’ என்று மலாயில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய். கச்சா எண்ணெயாம். கீழே பச்சைப் பென்சிலில் ஒரு டைனோசர் வேறு. பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

அன்று உன் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: “புள்ள மேல பாஞ்சு என்னா செய்ய? சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்?”

சொல்கிறேன். அக்காவும் சேர்ந்து படிக்கட்டும். அவளுக்கும் இதில் பங்கு உண்டு. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரையும், பிறகு டவுன் பள்ளிக்கூடத்தில் பாரம் மூன்று வரையும் படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

இப்போது இருக்கும் இந்த ஜெலாப்பாங்கில் நாம் அப்போது இல்லை. ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்குப் போகும் பாதையில், செம்மண் சாலையில் உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தெலுக் இந்தானை அன்றைக்கு எல்லாரும் தெலுக் ஆன்சன் என்றுதான் சொல்வார்கள். உன் அம்மா பால் மரம் வெட்டினாள், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை. எனக்கு இஞ்சின் ரூமில் வேலை. ரப்பர் ஷீட் அடிக்கும் ஆலைக்கும், மாலையில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்கும் கரண்டு கொடுக்கும் பெரிய டீசல் இஞ்சின் ஒன்று இருந்தது. அதைக் கிளப்புவது, நிறுத்துவது, தண்ணீர் பார்ப்பது, பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுவது எல்லாம் நான்தான்.

ஆலைக்குக் கீழே சரிவில் லயம். பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. சிமெண்டு வளையம் இறக்கிய கிணறு, நல்ல தண்ணீர். வருடக் கடைசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வாளி விட்ட பெண்கள் கத்தினார்கள். ஓடிப் போய் எட்டிப் பார்த்தோம். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். நடுவில் கறுப்பாக நூல் நூலாக எண்ணெய்.

எதிர் வீட்டுக்காரன் ஒருவன் இருந்தான். சொந்தமில்லை, ஆனாலும் நாங்கள் இருவரும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான்.

“மச்சான்! பெட்ரோலுலா! இனிமே பால் வெட்ட வேணாம். அரபிக்காரன் மாதிரி தலையில துண்டப் போட்டுக்கிட்டு ஒக்காந்துக்கலாம்!”

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு நம்பிக்கையாக மாறிவிட்டது.

ஏன் மாறியது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அந்த மக்களை முட்டாள்கள் என்று நினைப்பீர்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போது ஊர் முழுக்க இருந்தது. விற்றால் லயத்தை விட்டு வெளியே போக வேண்டும். எங்கே போவது? திரங்கானு கடலில் எண்ணெய் எடுக்கிறார்கள் என்று ரேடியோவில் தினம் சொன்னார்கள். நம் காலடியிலும் எண்ணெய் இருந்தால் தோட்டத்தை விற்க மாட்டார்கள், எண்ணெய்க் கம்பெனி வரும், ஆளுக்கொரு வீட்டு மனை கிடைக்கும். இப்படி ஒருவர் சொல்லி ஒருவர் கூட்டிக்கொண்டே போனார்கள்.

மறுநாள் கிணற்றுச் சுவருக்குக் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டார்கள். மாரியம்மன் கொடுத்தது என்றார்கள். லயத்தில் வேதக்கார வீடு, கிறிஸ்தவ வீடு, நம்முடையது ஒன்றுதான். பிறகு செய்ததுதான் அநியாயம். எண்ணெய் வீணாகக் கூடாது என்று காலையில் பீங்கான் தட்டால் மேலாக வழித்து, சீசாக்களில் ஊற்றி, ஒவ்வொரு வீட்டிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கம்பெனிக்காரன் வந்தால் காட்டுவதற்காம். வழித்ததற்குக் கீழே இருந்த தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். சோறும் அதில்தான் வெந்தது. கிணற்றை இறைத்துவிடலாம் என்று நான் சொன்னபோது என் மேல் பாய்ந்தார்கள். இறைத்தால் எண்ணெய் போய்விடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வாசலில் கூட்டம். கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற ஒரே மனிதர். வாரம் ஒரு தடவை தெலுக் ஆன்சனிலிருந்து வேனில் துணியும் சோப்பும் கொண்டு வரும் பாயும் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

நான் சொன்னேன்: “ஐயா, பெட்ரோலு எல்லா எடத்துலயும் வராதுங்க. கடல்ல இருந்த பொடி உசிருங்க செத்து, சேத்துல பொதைஞ்சு, மேல மண்ணு ஏறி, சூட்டுல வெந்துதான் எண்ணெயாவுதுன்னு பாரம் மூணு புக்குல இருக்கு. இங்க கடலு ஏது? இது ஈயம் எடுக்கிற பூமி.”

“கடலு ஏதுன்னா கேக்குற?” கிராணி சிரித்தார். “ஈப்போ சுண்ணாம்பு மலையெல்லாம் என்னான்னு நெனச்ச? அது ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்ததுப்பா. சிப்பியும் சங்கும்தான் மலையாச்சு. ஒன் புக்குல அந்தப் பக்கம் கிழிஞ்சிருந்துச்சா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு அது தெரியாது. காது சூடாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

“அந்த மலை அங்க இருக்குங்க. நம்ம கெணத்துக்கு அடியில கருங்கல்லு. வெட்டுனவங்களே சொன்னாங்க.”

“கருங்கல்லா? இன்னும் நல்லதாப் போச்சு. ரஷ்யாக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? செத்தது, அழுகுனது ஒண்ணுமே வேணாமாம். பூமிக்கு ரொம்ப ரொம்ப அடியில, கல்லோட கல்லா எண்ணெய் தானா உண்டாகி, வெடிப்பு வழியா மேல ஏறி வருதாம். பேப்பருல போட்டிருந்தான். நீ கருங்கல்லுன்னு சொல்ற. அப்ப வெடிப்பு எங்க இருக்கு? கெணத்துல.”

“பாத்தியா மச்சான்,” எதிர் வீட்டுக்காரன் தொடையில் தட்டினான், “செத்தாலும் எண்ணெய், சாகாட்டியும் எண்ணெய்! நீ என்னா பேசுனாலும் எண்ணெய்தான்!”

பாய் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: “என் தங்கச்சி மாப்பிள்ள திரங்கானுல அந்தக் கடல் மேடையில சமையல் வேல பாக்குறாரு. அவனுங்க மைல் கணக்குல ஓட்ட போடுறானுங்களாம். ஒங்களுக்கு மட்டும் அல்லா வாளியில மொண்டுக்கன்னு குடுத்துட்டான் போல.”

“அப்ப ஒங்க வேனுக்குக் கொஞ்சம் ஊத்திப் பாப்போமா பாய்?” என்று ஒரு அக்கா கேட்டாள்.

“வேணாம்மா. வேன் செத்துப் போச்சுன்னா சோப்பத் தலையில தூக்கிக்கிட்டுல்ல நான் வரணும்.”

சிரிப்போடு கூட்டம் கலைந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய படிப்பாளிகள் இன்றைக்கும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள். வாதாடட்டும், அது நல்ல வாதம். எண்ணெய் உயிரிலிருந்து வந்ததா, கல்லிலிருந்து வந்ததா என்று கேட்பதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கேள்வியைக் கொண்டு வந்து ஒரு குடிதண்ணீர்க் கிணற்றின் மேல் மூடியாகப் போட்டார்களே, அதில்தான் கோபம். எந்தப் பக்கம் போனாலும் கிராணியின் எண்ணெய் கிணற்றுக்கே வந்து சேர்ந்தது. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் அவருடைய இரண்டு பதிலுக்கும் பொருள். அவருடைய வீட்டுக்கு மேட்டுத் தொட்டியிலிருந்து குழாய்த் தண்ணீர் போயிற்று என்பதையும் எழுதி வைக்கிறேன்.

மூத்தவளே, உனக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வாரம் உனக்கு வயிறு கெட்டது. குடித்ததெல்லாம் வாந்தி. குளிப்பாட்டினால் தொடையெல்லாம் சிவந்து திட்டுத் திட்டாகப் புண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் இருந்த டிரஸ்ஸர் வெள்ளை மருந்து ஒரு சீசா கொடுத்தார். அதையும் எந்தத் தண்ணீரில் கலந்து கொடுத்தோம்? அதே கிணற்றுத் தண்ணீரில். உன் அம்மா வேலை விட்டு வந்ததும் ஆற்றுக்குப் போய் ஒரு தகரம் தண்ணீர் சுமந்து வருவாள். அது மழைக்காலத்து ஆறு, பால் தேத்தண்ணி நிறம். உனக்கு அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் ஆபீசுக்குப் போனேன். “ஐயா, டவுன்ல இருந்து லாரியில தண்ணி வரவச்சிட்டு, கெணத்த மூடிடுங்க. புள்ளைங்க வயிறு கெட்டுக் கெடக்குதுங்க.”

“இயற்கையா வர்றதுக்கெல்லாம் தோட்டம் என்னப்பா செய்யும்? பூமி எண்ணெய் குடுக்குது. நீ போயி பூமிகிட்ட கேளு.”

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா மூத்தவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, எனக்கு ஒண்ணு தோணுது. கோவப்படாதீங்க. அந்தக் கெணத்துல அடிக்கிற வாடை எனக்குத் தெரிஞ்ச வாடை. வாரா வாரம் ஒங்க சட்டையில தொவைக்கிறேன்ல, அந்த வாடை.”

“ஒனக்கு என்னா தெரியும்? நீ இஞ்சின் படிச்சியா?”

“படிக்கல. தொவைச்சேன்.”

அவளைத் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்று உங்களுக்கு எழுத மாட்டேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

ஏன் தெரியுமா? இஞ்சின் ரூமுக்குப் பின்னால் ஒரு குழி இருந்தது. வடித்த பழைய எண்ணெயை டிரம்மில் சேர்த்து டவுனுக்கு அனுப்ப வேண்டும் என்பது பழைய வழக்கம். கிராணிதான் ஒருநாள், “டிரம்மெல்லாம் வேற வேலைக்கு வேணும்லா, பின்னால கொட்டிடு,” என்றார். கொட்டினேன். ஐந்து வருடம் கொட்டினேன். என்ன ஏது என்று ஒரு தடவை கேட்கவில்லை. உன் அம்மா சொன்ன அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கத்தினேன். ரஷ்யாக்காரனையும் பாரம் மூன்று புத்தகத்தையும் வைத்து எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று ஊர் நடுவில் வாதாடியவன், தன் கையை மோந்து பார்க்கவில்லை. அந்த மூன்று நாளும் என் பிள்ளை அந்தத் தண்ணீரைக் குடித்தது. கிராணி மேல் எனக்கு இருக்கிற கோபம் பெரியது. ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் என் மேல் வரும் கோபத்துக்கு அது பக்கத்தில் நிற்காது.

நாலாம் நாள் ஒரு வேலை செய்தேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு இஞ்சினில் தண்டைத் தாங்கும் ஒரு பித்தளை வளையம், புஷ் என்போம், தேய்ந்து போயிருந்தது. அப்போது வடித்த எண்ணெயில் பித்தளைப் பொடி மின்னியது எனக்கு நன்றாக நினைவு இருந்தது. எங்கள் வீட்டில் வழித்து வைத்திருந்த கிணற்று எண்ணெயின் அடிமண்டியை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன்.

மஞ்சளாக மினுமினுத்தது.

செத்த உயிரிலும் பித்தளை இல்லை, கருங்கல்லிலும் பித்தளை புஷ் இல்லை. மண்வெட்டியோடு குழிக்குப் போனேன். மழையில் குழி விளிம்பு வரை நிரம்பி வழிந்திருந்தது. கீழ்ப்பக்கம் வெட்டிப் பார்த்ததில் ஒரு பழைய மண்குழாய் அகப்பட்டது. எந்தக் காலத்திலோ ஆலை கழுவும் தண்ணீர் போவதற்குப் புதைத்தது. யாருக்கும் நினைவில்லை. அது சரிவில் இறங்கி, கிணற்று வளையத்தில் விரிசல் விட்ட பக்கத்துக்கு நேராகப் போயிற்று. ரஷ்யாக்காரன் சொன்ன வெடிப்பு!

முதலில் கிராணியிடம்தான் போனேன். தட்டைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“வாய மூடிக்கிட்டு இரு. மழ நின்னா இதுவும் நின்னுடும். வெளிய சொன்னா ஒன் வேலதான் போகும், என் வேல போகாது. புரியுதா?”

புரிந்தது. அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

மறுநாள் விடியற்காலை பெரட்டு, ஆள் சரிபார்த்து வேலைக்கு அனுப்பும் நேரம். வெட்டுக்காரர்கள் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்றார்கள். வெள்ளைக்காரத் துரை போன பிறகு வந்திருந்த புது மேனேஜரும் அன்று தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நான் பீங்கான் தட்டோடு நடுவில் போய் நின்றேன். தட்டை உயர்த்திப் பிடித்தேன்.

“கெணத்துல மெதக்குறது பூமி குடுத்ததும் இல்ல, சாமி குடுத்ததும் இல்ல. இஞ்சின் எண்ணெய். நான் பின்னால குழியில கொட்டுனது. பித்தளப் பொடி இருக்கு, வந்து பாருங்க.”

வயிறு கெட்டுக் கிடந்த இன்னொரு பிள்ளையின் தாய், மூன்றாம் வீட்டு அக்கா, கேட்டாள்: “நீயா கொட்டுன? தெரிஞ்சேவா?”

அதற்குப் பதில் சொல்வதற்குள் மச்சான் கத்தினான். “பொய் சொல்றான்! மாரியாத்தா குடுத்தத இந்த வேதக்காரனுக்குப் பொறுக்கல. அவன் சாமி ஒண்ணும் குடுக்கலல்ல, அதான்!”

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆளுக்கொரு வீட்டு மனை என்று மனதுக்குள் கட்டி வைத்திருந்த வீட்டை நான் அவன் கண் முன்னால் இடித்துவிட்டேன். அவன் மேல் எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை.

கிராணி எழுந்தார். நல்ல குரலில், மேனேஜருக்குக் கேட்கும்படி, கேட்டார்: “ஒன்ன யாருப்பா அங்க கொட்டச் சொன்னா?”

“நீங்கதான்யா சொன்னீங்க.”

“நானா? எழுத்துல இருக்கா?”

தோட்டத்தில் எங்களுக்கு யார் எதை எழுத்தில் கொடுத்தார்கள்? சொல்வார்கள், செய்வோம். பிள்ளைகளே, இந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது, பாருங்கள்.

மேனேஜர் தட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். அன்று மத்தியானமே டவுனிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. கிணற்றின் மேல் பலகை போட்டு ஆணி அடித்தார்கள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் இரண்டு வாரத்தில் தேறிவிட்டார்கள். மூத்தவளே, நீயும் தேறினாய். தொடையில் அந்தத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. கொசு கடித்தது என்று உன்னிடம் சொல்லி வந்தேன். அது பொய்.

எனக்கு வேலை போயிற்று. கிராணி அதே நாற்காலியில் இருந்தார். ஒரு வருடம் கழித்துத் தோட்டத்தையும் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள்.

வேலை போனதும் நாங்கள் லயத்தைக் காலி செய்து சாமான் ஏற்றிய அன்று யாரும் வழியனுப்ப வரவில்லை. லாரி கிளம்பும்போது மச்சான் மட்டும் வீட்டிலிருந்து வேகமாக வந்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். கையில் ஒரு சீசா. அவன் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

“இந்தா மச்சான். ஒன் எண்ணெய். நீயே வச்சுக்க.”

கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அதுதான் சின்னவளே, நீ தாள் ஒட்டிய சீசா.

உன் டீச்சர் எண்ணெய் எப்படி உண்டானது என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளதைச் சொல். வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு என்று சேர்த்துச் சொல், மார்க் குறைத்தாலும் பரவாயில்லை. எனக்கு இரண்டில் எது சரி என்று இன்றைக்கும் தெரியாது. இந்தச் சீசாவில் இருக்கிற எண்ணெய் எப்படி வந்தது என்பது தெரியும்.

வேண்டுமானால் அதைக் கண்காட்சிக்கு எடுத்துப் போ. மேசை மேல் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டு. ‘மிஞ்ஞாக் ஹித்தாம்’, கழிவு எண்ணெய், என்று எழுது. தோட்டத்துக் கிணற்றில் எடுத்தது என்று எழுது. கொட்டியது என் அப்பா, கொட்டச் சொன்னது ஆபீஸ் என்றும் எழுது. எழுத்தில் இருக்கட்டும்.

டைனோசரை மட்டும் போட வேண்டாம். பாவம், அது இதில் ஒன்றும் செய்யவில்லை.